கேம்பர் பஸ்ஸில் பைப் தண்ணீர் மெலிந்தால், பம்பை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

போன ஆடி மாதம் இலங்கையின் கிழக்குக் கரையில், உகந்தை முருகன் கோயில் வெளியில் எங்கள் கேம்பர் பஸ்ஸை, அதாவது படுக்கவும் சமைக்கவும் வசதி வைத்த பஸ்ஸை நிறுத்தியிருந்தோம். கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடக்கிற அடியார்கள் வந்து தங்கி, காட்டுக்குள் இறங்கும் நாட்கள். என் மாமியும் அவருடைய தங்கைமார் இரண்டு பேரும் நடக்க வந்திருந்தார்கள். இரவு படுக்கை பஸ்ஸில். விடிய அரிசி கழுவப் பைப்பைத் திறந்த மாமி என்னைக் கூப்பிட்டார். "புள்ள, இஞ்ச வந்து பாரு. இது தண்ணியா, நூலா?"

நூல்தான். வெளியே நின்ற என் கணவர், "பம்ப் போயிட்டுது" என்று முடிவே கட்டிவிட்டார். இந்தப் பம்ப் பொத்துவிலில் கிடைக்காது. கொழும்பில் சொல்லி எடுப்பிக்க இரண்டு மூன்று நாளாகும். அதுவரை வாளியும் செம்பும்தான். ஆனால் அரை மணித்தியாலத்தில் தண்ணீர் பழையபடி வந்துவிட்டது. ஒரு சாமானும் வாங்கவில்லை. பம்பைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு கேம்பர் வைத்திருக்கிற நாலைந்து பேர் என்னிடம் இதே கேள்வியோடு வந்துவிட்டார்கள். எல்லோரும் முதலில் பம்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். சிலர் புதுப் பம்பை வாங்கிப் பூட்டியும் அதே நூல்தான் வருகிறது என்று வந்து நிற்கிறார்கள். அந்தக் காசு வீண் போவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. அதனால்தான் விபரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தம்பிலுவிலில். அப்பா வயல் பம்புகள் திருத்துகிறவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவருக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை என்று ஆள் வந்தால் அப்பா மெஷினைக் கழற்ற மாட்டார். முதலில் வாய்க்காலில் இறங்கி, தண்ணீர் உள்ளே போகிற வாயில் இருந்து குழாயைத் தடவிக்கொண்டே மெஷின் வரைக்கும் நடந்து வருவார். பாதி நாள் பழுது வழியிலேயே அகப்பட்டுவிடும். நானும் இவரும் பழைய மிட்சுபிஷி றோசா பஸ் ஒன்றை எடுத்து, கட்டில், குசினி, குளியல் எல்லாம் வைத்துக் கட்டி, அறுகம்பைக்கு அலை விளையாட வருகிறவர்களுக்கு மே தொடக்கம் செப்டெம்பர் வரை வாடகைக்கு விடுகிறோம். ஓட்டமும் எஞ்சினும் இவர் பாடு. தண்ணீர் என் பாடு.

தண்ணீர் வருகிற வழி

உங்கள் வண்டி வேறு மாதிரி இருந்தாலும் வழி அநேகமாக இதுதான். பின் இருக்கைக்குக் கீழே 120 லீற்றர் தாங்கி. அதில் இருந்து ஒரு ஹோஸ், பம்புக்கு முன்னால் சின்னச் சல்லடைக் கிண்ணம், பிறகு பம்ப், அதன் பின் ஃபில்டர். அங்கிருந்து குழாய் இரண்டாகப் பிரியும். ஒன்று நேராகப் பச்சைத் தண்ணீருக்கு, மற்றது சுடுதண்ணீர் ஹீட்டருக்கு. முடிவில் குசினி, பேசின், சவர், அதோடு கடலில் இருந்து வருகிறவர்கள் மணல் கழுவப் பின்கதவடியில் ஒரு சவர்.

இது தவிர வண்டியின் பக்கச் சுவரில் வெளித் தண்ணீர் கொடுக்கும் வாய் ஒன்று இருக்கும். நிறுத்துகிற இடத்துப் பைப்பில் இருந்து ஹோஸ் இழுத்து இதில் பூட்டினால் பம்ப் இல்லாமலே தண்ணீர் வரவேண்டும். வரவேண்டும் என்றுதான் சொன்னேன். அதன் கதையைத் தனியாகச் சொல்கிறேன்.

பம்ப் டயஃப்ரம் வகை. உள்ளே றப்பர்த் தகடு நெஞ்சு மாதிரி ஏறி இறங்கித் தண்ணீரைத் தள்ளும். எங்களுடையதின் மேல் ஒட்டியிருக்கிற தாளில் 12 வோல்ட், 7.5 அம்பியர், நிமிடத்துக்கு 11 லீற்றர், 55 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. பி.எஸ்.ஐ. என்பது அழுத்தத்தின் அளவு. பைப்பைத் திறந்து அழுத்தம் 40 அளவுக்கு இறங்கினால் தானாக ஓடும். மூடி 55க்கு ஏறினால் தானாக நிற்கும்.

முதலில் ஒரு லீற்றர் போத்தல்

"தண்ணி குறைவாக வருகிறது" என்று சொன்னால் அதற்கு அளவு இல்லை. ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலைப் பைப்பின் கீழே பிடியுங்கள். பைப்பை முழுதாகத் திறந்து, நிரம்ப எத்தனை விநாடி என்று ஃபோனில் பாருங்கள். எல்லாப் பைப்பிலும், பச்சைத் தண்ணீர் தனியாக, சுடுதண்ணீர் தனியாக.

எங்கள் பஸ் நல்ல நிலையில் இருக்கும்போது குசினிப் பைப் 9 விநாடி, பேசின் 10, சவர் 12. இதை அலுமாரிக் கதவின் உட்பக்கம் மார்க்கர் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன். உகந்தையில் அன்று காலை குசினிப் பைப் 31 விநாடி எடுத்தது. வண்டி நன்றாக ஓடுகிற நாளில் நீங்களும் இப்படி எழுதி வையுங்கள். பழுதான நாளில் அளந்தால், முன்பு எவ்வளவு என்று யாருக்கும் நினைவு இருக்காது.

அளந்து முடிந்ததும் மூன்று கேள்வி. ஒரு பைப்பிலா, எல்லாவற்றிலுமா? சுடுதண்ணீரில் மட்டுமா? தாங்கித் தண்ணீரிலா, வெளி ஹோஸிலா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் வழியில் முக்கால்வாசியைப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

ஒரு பைப்பில் மட்டும் என்றால்

அந்தப் பைப்பின் நுனியைப் பாருங்கள். நுனியில் திருகிக் கழற்றுகிற சின்ன வலை மூடி இருக்கும். ஹாட்வெயார்க் கடையில் ஏரேட்டர் என்றால் தருவார்கள். கையால் கழலாவிட்டால் துணி சுற்றிக் குறடால் மெதுவாகத் திருப்புங்கள். கழற்றிய பிறகு பைப்பைத் திறந்து போத்தலைப் பிடியுங்கள். தண்ணீர் நன்றாக வந்தால் பழுது உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது.

அந்த வலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோமாரி, பொத்துவில் பக்கம் தண்ணீர் எடுத்த வண்டி என்றால் மூன்று விதமான அடைப்புத் தெரியும். ஓரத்தில் வெள்ளையாகக் கல் மாதிரிப் படிந்திருப்பது சுண்ணாம்பு. நடுவில் செம்மண் நிறத்தில் வழுவழு என்று இருப்பது இரும்புக் காவி. கிணற்றில் அள்ளும்போது பளிங்கு மாதிரி இருக்கிற தண்ணீர், காற்றுப் பட்ட பிறகுதான் மஞ்சளாகும். தாங்கிக்குள் போன பிறகு காவி பிரிந்து வருவதும் அதனால்தான். மூன்றாவது மணல். எங்கள் கரையோரக் கிணறுகள் மணலில் தோண்டியவை. வாளி அடி தட்டினால் மணலும் சேர்ந்துதான் வரும்.

மணல் தட்டினால் போய்விடும். சுண்ணாம்புக்குக் கோப்பை ஒன்றில் வினாகிரி ஊற்றி ஒரு மணித்தியாலம் ஊறப் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ச் சாறு, நேரம் இரட்டிப்பு. ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதாகி, தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்கத் தொடங்கும். உள்ளே இரண்டு மூன்று வட்டு அடுக்காக இருக்கும். கழற்ற முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்ப அடுக்கும்போது தடுமாற்றம் இல்லை.

சவர்த் தலைக்கும் இதே வைத்தியம்தான். அதோடு கைச்சவரின் ஹோஸ் பூட்டுகிற இடத்து வொஷரிலும் ஒரு வலை இருக்கலாம், பாருங்கள். மூடியைக் கழற்றியும் தண்ணீர் மெலிவாகவே வந்தால் பேசினுக்குக் கீழே டோர்ச் அடியுங்கள். பைப்புக்கு ஏறுகிற வளையும் ஹோஸ் மடிந்திருக்கும், அல்லது அலுமாரிக்குள் திணித்த சட்டி அதை நசுக்கிக்கொண்டு இருக்கும்.

வெளி ஹோஸில் பூட்டினால் மட்டும் மெலிவு என்றால்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் கட்டிய மோட்டர்ஹோம் வைத்திருக்கிறவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான்.

அந்த வண்டிகளைக் கட்டியவர்கள் நினைத்தது 40, 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தோடு வருகிற நகரத் தண்ணீரை. இங்கே நாம் நிறுத்துகிற விருந்தினர் விடுதிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் தண்ணீர் வருவது தூணுக்கு மேலே வைத்த பிளாஸ்டிக் தாங்கியில் இருந்து. தண்ணீர் ஒரு மீற்றர் உயரத்தில் நின்றால் அது தருகிற அழுத்தம் 1.4 பி.எஸ்.ஐ. தாங்கி உங்கள் பைப்பைவிட நாலு மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால் ஆறுகூட வராது.

எங்கள் பம்ப் ஓடத் தொடங்குகிற 40 பி.எஸ்.ஐ.யைத் தாங்கி உயரத்தால் மட்டும் எடுக்க வேண்டுமானால் அந்தத் தாங்கி 28 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். மட்டக்களப்பில் பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பார்த்திருப்பீர்கள். 1913இல் கட்டியது. அதன் உயரம் அந்த 28 மீற்றர்தான். விடுதிக்காரருடைய தாங்கி நிற்பதோ முருங்கை மர உயரத்தில். அந்தக் கொஞ்ச அழுத்தமும் நீண்ட ஹோஸ், ஃபில்டர், ஒருவழி வால்வு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்து சவரில் ஏற வேண்டும். ஏறாது. விடுதிக்காரரில் பிழை இல்லை, உங்கள் வண்டியிலும் பழுது இல்லை.

இதற்கு வழி மிகவும் சுலபம். அந்த ஹோஸைச் சுவர் வாயில் பூட்டாதீர்கள். தாங்கி நிரப்புகிற வாயில் விட்டுத் தாங்கியை நிரப்புங்கள். பிறகு பம்பைப் போட்டுக் குளியுங்கள். தாங்கி நிரம்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

நகரத் தண்ணீர் நேராக வருகிற இடத்திலும் மெலிவாக இருந்தால் மூன்று இடம் பாருங்கள். சுவர் வாய்க்குள் ஒரு சின்ன வலை வொஷர் இருக்கும். அதில் மணல் நின்றிருக்கும். ஹோஸ் வெயிலில் இளகி எங்காவது மடிந்திருக்கும். மூன்றாவது, அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர். குண்டு மாதிரிச் சின்னதாக வருகிற மலிவானவை அழுத்தத்தோடு தண்ணீரின் அளவையும் சேர்த்துக் குறைத்துவிடும். அதற்காக ரெகுலேட்டரே வேண்டாம் என்று கழற்றி எறியாதீர்கள். சில ஹோட்டல்களில் பிரஷர் பம்ப் வைத்திருப்பார்கள். அந்த அடியில் உங்கள் வண்டியின் மூட்டுக்கள் கழன்று கட்டிலுக்கு அடியில் வெள்ளம் வரும். முள் காட்டுகிற, திருகிச் சரிப்படுத்துகிற வகை ஒன்றை வாங்கி 45இல் வையுங்கள்.

தாங்கித் தண்ணீர், எல்லாப் பைப்பிலும் மெலிவு

உகந்தையில் எங்களுக்கு வந்தது இது. இங்கே முதல் வேலை கேட்பது. ஒரு பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு, பம்ப் இருக்கிற அலுமாரிக் கதவைத் திறந்து காதைக் கொடுங்கள்.

பைப் முழுதாகத் திறந்திருக்கும்போதும் பம்ப் விட்டு விட்டு, டுக் டுக் என்று நின்று நின்று ஓடினால் அது ஆரோக்கியமான பம்ப். தள்ளுகிறது, முன்னால் போக வழி இல்லை, அழுத்தம் ஏறி நிற்கிறது, திரும்ப ஓடுகிறது. அடைப்பு பம்புக்கும் பைப்புக்கும் இடையில். அநேகமாக ஃபில்டர். நிற்காமல் ஓடிக்கொண்டே தண்ணீர் மெலிவாக வந்தால் பழுது தாங்கிக்கும் பம்புக்கும் இடையில், அல்லது பம்பில், அல்லது மின்சாரத்தில். ஓடும்போது கடகட என்று அதிர்ந்து, பைப்பில் தண்ணீர் காற்றோடு துப்பித் துப்பி வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது.

காதில் பிடிபட்டதை இரண்டு வாளி கொண்டு உறுதிப்படுத்தலாம். இதற்கு முன் பம்ப் சுவிட்சை நிறுத்தி, ஒரு பைப்பைத் திறந்து குழாயில் நிற்கிற அழுத்தத்தை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மூட்டைக் கழற்றியதும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

முதல் வாளி: பம்பில் இருந்து வெளியே போகிற குழாயைக் கழற்றி, அந்த வாயில் ஒரு துண்டு ஹோஸ் பூட்டி வாளிக்குள் விட்டுப் பம்பைப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் பத்து லீற்றருக்குக் கிட்ட வந்தால் தாங்கியும் பம்பும் மின்சாரமும் நல்லம். பம்புக்கும் பைப்புக்கும் இடையில் பாருங்கள். மெலிவாகவே வந்தால் இரண்டாவது வாளி.

இரண்டாவது வாளி: சுத்தமான தண்ணீர் நிறைந்த வாளி. தாங்கியில் இருந்து பம்புக்கு வருகிற ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்பின் உள்வாயில் வேறு ஒரு துண்டு ஹோஸ் பூட்டி இந்த வாளிக்குள் விடுங்கள். கழற்ற முன் தாங்கி வால்வை மூட மறக்க வேண்டாம். இப்போது முதல் வாளியில் தண்ணீர் பாய்ந்து விழுந்தால் பம்பில் ஒரு குறையும் இல்லை. பழுது தாங்கிப் பக்கம். அப்போதும் மெலிவு என்றால்தான் மின்சாரத்தையும் பம்பையும் பார்க்க வேண்டும்.

அன்று கோயில் வெளியில் இவருக்கு முன்னாலேயே இதைச் செய்து காட்டினேன். முதல் வாளியில் நூல். இரண்டாவது வாளியில் இருந்து இழுத்தபோது தண்ணீர் மளமள என்று கொட்டியது. புதுப் பம்ப் என்ற கதை அதோடு நின்றது.

தாங்கிப் பக்கம் என்று தெரிந்தால் முதலில் சல்லடைக் கிண்ணம். கண்ணாடி மாதிரித் தெரியும், கையால் திருப்பிக் கழற்றலாம். உள்ளே இருக்கிற வலையைக் கழுவிப் பூட்டும்போது அதன் றப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக இருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு மணல் அதில் கிடந்தாலும் காற்று இழுக்கும். இந்த மூட்டில் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால் ஈரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க ஏலாது. அடுத்தது ஹோஸ். வெளிறிய மெல்லிய பிளாஸ்டிக் ஹோஸ், எஞ்சின் சூடும் வெயிலும் சேர்ந்து இளகி, பம்ப் இழுக்கும்போது தட்டையாக ஒட்டிக்கொள்ளும். பம்பை நிறுத்திப் பார்த்தால் உருண்டையாக நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். நூல் வரிந்த கனமான ஹோஸ் அரை அங்குலத்தில் போட்டால் இந்தப் பிரச்சினை முடிந்தது.

எங்களுக்குச் சல்லடை சுத்தம், ஹோஸும் நல்லம். பிறகு தாங்கி நிரப்புகிற வாயின் மூடியைத் திருகினேன். "உஸ்ஸ்" என்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. பம்பின் சத்தம் அந்தக் கணமே மாறியது. உள்ளே மாமி, "வருது, வருது!" என்று கத்தினார்.

ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் போட்டால் பால் விழாது. எதிர்ப் பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். தாங்கிக்கும் அப்படித்தான். தண்ணீர் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்காகத் தாங்கியின் உச்சியில் இருந்து சின்ன ஹோஸ் ஒன்று வண்டிக்கு வெளியே போகும். எங்களுடையது பின் சில்லுக்கு மேலே, சுண்டுவிரல் நுழையாத வாய். அந்த வாயை மண்ணால் பூசி மெழுகி அடைத்திருந்தது. குளவி. பஸ் மூன்று வாரம் வீட்டில் மாமரத்துக்குக் கீழே சும்மா நின்றது. அந்த நேரத்தில் கட்டியிருக்கிறது.

அதை உள்ளே தள்ளினால் மண் தாங்கித் தண்ணீருக்குள் விழும். அதனால் தாங்கிப் பக்கத்து முனையை முதலில் கழற்றி எடுத்துவிட்டு, தென்னை ஈர்க்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்டினேன். மண்ணோடு சேர்ந்து குட்டிச் சிலந்திகள் ஐந்தாறு விழுந்தன. குஞ்சுக்குத் தீனியாகக் குளவி சேர்த்து வைத்தவை. பிறகு ஹோஸை வாயில் வைத்து ஊதிப் பார்த்து, கழுவி, பூட்டினேன். போத்தல் பிடித்தால் 9 விநாடி. வீட்டுக்கு வந்ததும் பழைய தேத்தண்ணி வடியின் வலையில் ஒரு துண்டு வெட்டி, அந்த வாயில் கம்பியால் கட்டிவிட்டேன். உங்கள் வண்டியிலும் இதை இன்றைக்கே செய்யலாம். எல்லாப் பைப்பிலும் மெலிவு என்றால் தாங்கி மூடியைத் திறந்து பார்ப்பதற்கு அரை நிமிடம் காணும். ஆனபடியால் வாளி எடுக்கவும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

பழுது பம்புக்கும் பைப்புக்கும் இடையில் என்றால் ஃபில்டர். உள்ளே இருக்கிற உருளை வெள்ளையாக வாங்கியது, இங்கத்தைய தண்ணீரில் இரண்டு மாதத்தில் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டைப் பூட்டிப் போத்தல் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் புது உருளை. தாங்கிக்குத் தண்ணீர் நிரப்பும்போதே பழைய பருத்திச் சாரத்துண்டை இரண்டாக மடித்து வாயில் கட்டி நிரப்பினால் ஃபில்டர் இரண்டு மடங்கு நாள் வரும்.

மின்சாரம்

பம்ப் சோர்ந்துபோன குரலில் மெதுவாகச் சுற்றினால், மல்டிமீற்றரை எடுத்துப் பம்பின் இரண்டு வயர் முனையிலும் வைத்துப் பாருங்கள். பைப் திறந்து பம்ப் ஓடும்போது பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லா வயரும் 12 வோல்ட்தான் காட்டும். பற்றரியில் 12.4 இருந்து பம்பில் 11க்குக் கிட்ட இருந்தால் நடுவில் எங்கோ விழுகிறது. பியூஸ் பிடிக்குள் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சையாகப் பூத்திருக்கும். கடலோரத்தில் இது ஒவ்வொரு சீசனும் வரும். சுரண்டித் துடைத்துப் பூட்டுங்கள். அல்லது வயர் மெலிது. பற்றரியில் இருந்து பம்ப் ஐந்து மீற்றர் தள்ளி இருந்தால் போய் வரப் பத்து மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 7.5 அம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.35தான் போகும்.

பஸ்ஸை மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் றோசாவின் எஞ்சின் பக்கம் 24 வோல்ட், வீட்டுப் பக்கம் தனிப் பற்றரியில் 12 வோல்ட். பம்பை எஞ்சின் பக்கத்து வயரில் தொடுத்துவிடாதீர்கள். ஒரு பைப்பில் தண்ணீர் பாய்ந்து வந்த சந்தோஷம் சில நிமிடம்தான் நிற்கும்.

கடைசியில் பம்ப்

மின்சாரம் சரி, இரண்டாவது வாளியில் இருந்து இழுத்தும் மெலிவு என்றால் இப்போது பம்பைக் குற்றம் சொல்லலாம். அப்போதும் முழுப் பம்பையும் எறிய வேண்டாம். தலையில் இருக்கிற ஸ்குரூக்களைக் கழற்றினால் உள்ளே டயஃப்ரமும் சின்ன றப்பர் வால்வுகளும் இருக்கும். ஒரு மணல் வால்வுக்கு அடியில் நின்றால் போதும், அது முழுதாக மூடாது. கழுவிப் பூட்டி ஒருமுறை பாருங்கள். றப்பர் கிழிந்திருந்தால் பல பம்புகளுக்குத் தலை மட்டும் தனியாக வரும்.

அழுத்த சுவிட்சில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதை முறுக்கினால் அழுத்தம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். கூடும்தான். ஆனால் முன்பு நன்றாக இருந்த பம்ப் இப்போது மெலிந்திருக்கிறது என்றால் பழுது அந்த ஸ்குரூவில் இல்லை. எல்லாம் பார்த்து முடிந்த பிறகும் குறைவு என்றால், முதலில் நின்ற இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டு, கால் சுற்று மட்டும்.

சுடுதண்ணீர் மட்டும் மெலிவு என்றால்

ஹீட்டர்ப் பக்கம். முதலில் அதன் 230 வோல்ட் சுவிட்சை நிறுத்தி, ஆறவிடுங்கள். ஹீட்டரின் வாயில் ஒருவழி வால்வு இருக்கும். சுண்ணாம்பு படிந்து பாதியில் இறுகி நிற்பது வழமை. குளிர்நாட்டு வண்டி என்றால் பனிக்காலத்துக்காக ஹீட்டரைத் தவிர்த்துப் போகிற வால்வுகளும் இருக்கும். யாரோ ஒன்றைப் பாதியில் விட்டிருப்பார்கள். கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

வேலை முடிந்ததும்

குழாய்களைத் திறந்து பூட்டினால் கையழுக்கும் மண்ணும் உள்ளே போயிருக்கும். பிள்ளைகளும் அந்தத் தண்ணீரில்தான் பல் துலக்குவார்கள். வாசனை சேர்க்காத சாதாரண 5 வீத குளோரின் பிளீச்சில் 100 லீற்றர் தண்ணீருக்கு 100 மில்லிலீற்றர் கலந்து தாங்கியை நிரப்பி, ஒவ்வொரு பைப்பையும் மணம் வரும் வரை திறந்து மூடி, நாலு மணித்தியாலம் விட்டுவிடுங்கள். பிறகு மணம் போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். வினாகிரியில் ஊறிய சாமான்களை வடிவாகக் கழுவிய பிறகுதான் பிளீச். இரண்டும் கலந்தால் நெஞ்சை அடைக்கிற வாயு வரும். மூடிய வண்டிக்குள் அது ஆபத்து.

ஒக்டோபரில் சீசன் முடிந்து மழை இறங்கும் முன் நாங்கள் தாங்கியை முழுதாக வடித்துவிடுவோம். பம்பை ஒரு நிமிடம் வெறுமையாக ஓடவிட்டு, எல்லாப் பைப்பையும் திறந்தபடியே விடுவோம். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒரு பிஸ்கட் பேணி வைத்திருக்கிறேன். அதற்குள் சல்லடைக்கு இரண்டு றப்பர் வளையம், 10 அம்பியர் பியூஸ் மூன்று, வெள்ளை டேப் ஒன்று, ஹோஸ் கிளிப் நாலு, பழைய பல்துலக்கி, ஒரு கட்டு ஈர்க்கு.